காற்று ஏன் மணலைக் குவிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டை, அதாவது அங்குள்ள செம்மணல் மேடுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மணலைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை மணலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, தூசியைக் காற்று அடித்தால் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. மணலை மட்டும் ஏன் பரப்பாமல் ஓர் இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது?
– சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகர்

சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள், ஆனால் மொத்த விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் தூசியையும் மணலையும் பிரித்துக்கொள்வோம். களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதர் தூரப் போய் விழும், நெல் காலடியிலேயே விழும், கல் இருந்தால் அசையவே அசையாது. காற்று பூமியில் செய்வதும் இதே வேலைதான். பொடிமண்ணைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும், சரளைக் கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை, கையில் எடுத்தால் நைஸ் ரவை மாதிரி. இதைக் காற்றால் தூக்கவும் முடியும், ஆனால் ரொம்ப நேரம் தாங்கிப் பிடிக்க முடியாது. அதனால் அது பறக்காது, துள்ளும்.

இதை நேரில் பார்க்க ஆடி மாதம் தேரிக்குப் போங்கள். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கி அடிக்கும் ஒரு மத்தியானம், நின்றபடி பார்த்தால் தரையில் ஏதோ சிவப்புப் புகை ஓடுகிற மாதிரி இருக்கும். அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பாருங்கள் (கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்). புகை என்று நினைத்தது தனித்தனி மணிகளாகப் பிரிந்துவிடும். ஒரு மணி கிளம்புகிறது, சாண் உயரம் எழும்புகிறது, காற்று அதை முன்னால் தள்ளுகிறது, சாய்வாக வந்து தரையில் மோதுகிறது, மோதின வேகத்தில் இன்னும் நாலைந்து மணிகளைத் தெறிக்கவிட்டு, தானும் மறுபடி எழும்புகிறது. அந்த நாலைந்தும் இன்னும் பலவற்றைத் தெறிக்கவிடும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் போய் இடிப்பது மாதிரிதான், என்ன, இது நிற்காமல் நடக்கிறது. எழும்ப முடியாத பெரிய மணிகள் இந்த இடியில் தரையோடு உருண்டு முன்னே போகும். எழுந்து நின்றால் கணுக்காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், முகத்தில் ஒன்றுமே படாது, ஏனென்றால் மணலின் ஓட்டம் முழுக்கத் தரையை ஒட்டித்தான். காய்ந்த மணலுக்கு இதைத் தொடங்கிவைக்க மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகக் காற்று போதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரு ரப்பர் பந்தை சிமெண்டுத் தரையில் போட்டால் எகிறும், அதே பந்தை மணலில் போட்டால் பொத்தென்று விழுந்து கிடக்கும். மணல்மணிக்கும் அதே கதைதான். கெட்டித் தரையிலோ சரளைத் தரையிலோ மோதும் மணி உயரமாக எகிறி, மேலே உள்ள வேகக் காற்றில் மாட்டி, வேகமாக ஓடிவிடும். வழியில் ஏற்கெனவே கொஞ்சம் மணல் கிடந்தால், அதன்மேல் விழும் மணியின் வேகத்தைக் கீழே கிடக்கும் மணிகள் வாங்கிக்கொள்ளும். ஓட்டம் அங்கே தளர்ந்துவிடும். பின்னால் வருவது வந்துகொண்டே இருக்கும், முன்னால் போவது குறையும், ஆக மணல் அங்கே தங்கும். தங்கத் தங்க அந்தத் திட்டு பெரிதாகி இன்னும் அதிகம் தங்கும். முதலில் அந்தக் கொஞ்சம் மணல் எப்படி வந்தது என்றால் ஒரு புல்தூறு, ஒரு கல், தரையில் ஒரு பள்ளம் எதுவாகவும் இருக்கலாம், அதன் மறைவில் காற்று தளர்ந்திருக்கும். அதற்கு அப்புறம் மணலே மணலைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். இடம் காட்ட வேறு யாரும் வேண்டாம்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1930களில் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்தில் சுற்றியவர், ஊருக்குத் திரும்பியதும் வேண்டிய வேகத்தில் காற்றைச் செலுத்தும் காற்றுக் கூண்டு ஒன்றைக் கட்டி அதற்குள் மணலை ஓடவிட்டு அளந்தார். 1941இல் வந்த அவருடைய நூலைத்தான் இன்றும் மணலைப் படிக்கிறவர்கள் முதலில் எடுக்கிறார்கள். அவர் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் மணல் கிட்டத்தட்ட எட்டு மடங்காகிவிடும். மாதக்கணக்கில் வீசும் இளங்காற்று செய்யாததை ரெண்டு நாள் பேய்க்காற்று செய்துவிடுவது அதனால்தான்.

சரி, குவிந்துவிட்டது. அவ்வளவு பெரிய மேட்டை அப்புறம் காற்று எப்படித் தள்ளுகிறது?
– திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

தள்ளவே இல்லை. மேட்டின் ஒரு பக்கத்து மணலை மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். நமக்கு மேடு நகர்ந்த மாதிரி தெரிகிறது.

காற்று வரும் பக்கம் சரிவு மெத்தனமாக இருக்கும், 10, 15 டிகிரிதான். அதில் மணிகள் துள்ளித் துள்ளி மேலே ஏறும். உச்சியைத் தாண்டியதும் காற்று மறைவு. தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் மணி உச்சிக்கு அந்தப் பக்கமே விழும். விழுந்து விழுந்து அந்த இடம் செங்குத்தாகிக்கொண்டே வரும், சுமார் 34 டிகிரியைத் தொட்டதும் தாங்காமல் நாக்கு நாக்காகச் சரியும். இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். தட்டில் ரவையை மெல்ல ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருங்கள், குவியல் உயரும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாகாது, சரிந்துவிடும். காய்ந்த மணலுக்கு ஜெய்சால்மர் ஆனாலும் நமீபியா ஆனாலும் இந்தச் சாய்வு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மண் தோண்டுகிற ஹிட்டாச்சி வண்டியின் சங்கிலிப் பட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி முன்னே போகும்போது தரையில் படிந்திருக்கும் துண்டு அசையாமல் கிடக்கும், வண்டி முழுக்க அதன் மேலே ஏறித் தாண்டிய பிறகு அது பின்னால் எழும்பி, மேலே ஓடி, முன்னால் இறங்கி மறுபடி தரையில் படுக்கும். மணல்மணியின் வாழ்க்கை அப்படியே இதுதான். சரிந்து விழுந்த மணி அடுத்து வரும் மணலுக்கடியில் புதைந்துவிடும். மேடு முழுக்க அதைத் தாண்டிப் போன பிறகு பின்பக்கத்தில் வெளிச்சத்துக்கு வரும், மறுபடி ஏறும். 60 மீட்டர் நீளமுள்ள மேடு ஆண்டுக்கு 20 மீட்டர் நகர்கிறது என்று வையுங்கள், அடியில் மாட்டிய மணி சுமார் மூன்று வருடம் இருட்டில் கிடக்கும்.

இதிலிருந்தே ஒரு விஷயம் தானாக வருகிறது. உச்சியில் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் வருடத்தில் 60 கனமீட்டர் மணல் வந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். மேடு 3 மீட்டர் உயரம் என்றால் அந்த மணல் அதை 20 மீட்டர் முன்னே கொண்டுபோகும். 30 மீட்டர் உயரம் என்றால் அதே மணலுக்கு 2 மீட்டர்தான். ஆகவே சின்ன மேடு ஓடும், பெரிய மேடு ஊரும். சின்னது பின்னாலிருந்து வந்து பெரியதைப் பிடித்து அதோடு கலந்துவிடுவதும் உண்டு. ஊர்ப்பக்கம் மேடு வருகிறது என்றால் பெரிய மேட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள், எனக்கென்னவோ முதலில் பார்க்க வேண்டியது சின்ன மேட்டைத்தான்.

சார், இங்கே சில மேடுகள் பிறை மாதிரி இருக்கின்றன, சில நீள வரப்பு மாதிரி. முன்பு ராஜஸ்தானில் இருந்தபோது பார்த்த பிறைகள் இதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றன. ஏன்? இன்னொன்று, சுற்றி இவ்வளவு மணல் இருந்தும் கட்டடத்துக்கு இதை எடுப்பதில்லையே?
– ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். தரை கெட்டியாக, மணல் குறைவாக, காற்று ஒரே திசையில் இருந்தால் பிறை உருவாகும். பள்ளிக்கூடப் பாடத்தில் பர்கான் என்று படித்திருப்போம். மேட்டின் நடுவில் மணல் அதிகம், இரண்டு ஓரத்திலும் குறைவு. இப்போதுதான் சொன்னேன், குறைந்தது முந்தும். ஓரங்கள் முந்திப் போய்விட, கொம்புகள் காற்று போகும் திசையைக் காட்டும்.

தார் பாலைவனத்தில் கதை வேறு. அங்கே கொஞ்சமாவது மழை உண்டு, புல்லும் புதரும் உண்டு. மணல் குறைவாக இருக்கும் ஓரங்களில் செடி வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும், நடுவில் மணல் அதிகம் என்பதால் செடி தாக்குப்பிடிக்காது. ஓரம் நின்றுவிட நடு மட்டும் முன்னே போகும், கொம்புகள் பின்னால் நீளும். ஆக ஒரு பிறையைப் பார்த்ததும் கொம்பு எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும், அந்த மேட்டை ஆள்வது காற்று மட்டுமா, செடியும் சேர்ந்தா என்று சொல்லிவிடலாம். நீள வரப்புகள் இரண்டு திசைக் காற்று மாறி மாறி வீசும் இடத்தில் வருபவை. நாலாப்பக்கமும் காற்று மாறினால் நட்சத்திரம் மாதிரி கைகள் விரித்து, அதிகம் நகராமல் உயர்ந்துகொண்டே போகும்.

கட்டட விஷயம் சுருக்கமாக. காற்று உருட்டி உருட்டி மோதவிட்ட மணி வழுவழுவென்று உருண்டிருக்கும், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் பொடியாக இருக்கும். கான்கிரீட்டுக்கு வேண்டியது முனையுள்ள, பலவித அளவு கலந்த மணல், ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற மாதிரி. ஆற்று மணல் அப்படி இருக்கும், இது இருக்காது.

உலகிலேயே உயரமான மணல்மேடு எது? மணலுக்கு வயது கண்டுபிடிக்க முடியுமா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

சீனாவின் உள் மங்கோலியாவில் பதாய்ன் ஜரான் பாலைவனத்து மேடுகளைச் சொல்வார்கள். சில 400 மீட்டரையும் தாண்டுகின்றன.

வயது கண்டுபிடிக்கும் முறைதான் அதைவிட அழகு. புதைந்து இருட்டில் கிடக்கும் மணல்மணிக்குள், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் மெல்லிய கதிரியக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் சேரும். வெயில் பட்டதும் அத்தனையும் கரைந்து கணக்கு பூஜ்ஜியமாகிவிடும். அதனால் வெளிச்சம் படாமல் குழாயில் மணலை எடுத்து, ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளியேறும். எவ்வளவு ஒளி என்று அளந்தால் கடைசியாக அது சூரியனைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியும். மொராக்கோவில் லாலா லாலியா என்ற சுமார் 100 மீட்டர் உயர நட்சத்திர மேட்டை இப்படி அளந்து 2024இல் வெளியிட்டார்கள். அடிப்பகுதி 13,000 ஆண்டு பழையது, ஆனால் மேலே உள்ள பெரும்பகுதி கடந்த ஆயிரம் ஆண்டுக்குள் குவிந்ததுதான். இன்னும் வருடத்துக்கு அரை மீட்டர் மேற்கே நகர்கிறது.

மணல் பாடும் என்கிறார்களே, உண்மையா?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

உண்மைதான். நன்றாகக் காய்ந்த, ஒரே அளவுள்ள மணல் செங்குத்துப் பக்கத்தில் சரியும்போது, மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒரே தாளத்தில் வழுக்குவதால் விமானம் தூரத்தில் போகிற மாதிரி கனத்த ரீங்காரம் எழும். சில இடங்களில் நிமிடக்கணக்கில் கேட்கும். மத்திய ஆசியப் பாலைவனத்தில் இந்த ஒலியை ஆவிகளின் குரலாக நம்பியதை மார்க்கோ போலோவே பதிவு செய்திருக்கிறார். ஈரம் பட்டால் ஒலி போய்விடும்.

அண்ணா, எங்கட மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோவில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. கோவில் இறங்கினதா, மணல் ஏறினதா?
– பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்

மணல் ஏறியதுதான். காற்று ஒரு சுவரை நெருங்கும்போது சுவருக்கு முன்னாலேயே தளர்ந்து மணலைப் போட்டுவிடும், சுவருக்குப் பின்னால் மறைவிலும் போடும். இரண்டும் வளர்ந்து சுவரை மூடும். டென்மார்க்கின் ஸ்காகன் ஊரிலும் இதே கதை. தேவாலயத்துக்கு மணலைத் தோண்டிக்கொண்டே போய் வந்தவர்கள், முடியாமல் 1795இல் அதை மூடிவிட்டார்கள், இன்று கோபுரம் மட்டும் மணலுக்கு மேலே நிற்கிறது.

கடற்கரை மணல்மேட்டுக்கும் பாலைவன மேட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்கே மேட்டைக் கட்டுவதே கொடிதான். அலை மணலைக் கரையில் போடும், வெயில் காயவைக்கும், காற்று எடுத்துக்கொண்டு ஏறும், அதை முதலில் மறிப்பது அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். மற்ற செடிகளை மணல் மூடினால் செத்துவிடும், இவை மூட மூட மேலே தளிர்விட்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைத்துக்கொண்டே ஏறும். நெய்தல் பாடல்களில் எக்கர் என்று வருவது இந்த மணல்மேடுதான், அதன்மேல் அடும்பு படர்ந்திருப்பதையும் சேர்த்தே பாடியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்துச் சவுக்குக்காடு காற்றைத் தளர்த்த நல்லது, ஆனால் கடலோரத்து முதல் வரிசையை அடும்புக்கே விட்டுவைக்க வேண்டும். அதை மிதித்து அழித்துவிட்டுப் பின்னால் மரம் நட்டுப் பிரயோசனம் குறைவு.

தேரி மணல் மட்டும் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? ஒரு காலத்தில் இதுவும் நகர்ந்ததா?
– நாசரேத்திலிருந்து ஒரு வாசகி

கார்த்திகையில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் போனவர்கள் வீட்டில் ஒரு பிடி தேரி மண் இருக்கும். அதில் ரெண்டு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை சாதாரண வெள்ளைக் குவார்ட்ஸ் மணிகள்தான், மேலே மட்டும் இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு. பூச்சு ஏற காலம் வேண்டும், நகராமல் ஒரே இடத்தில் மழையும் வெயிலும் படவேண்டும். தேரியின் நிறமே அது ரொம்பக் காலம் நின்று கிடந்தது என்பதற்குச் சாட்சி.

அதற்கு முன்னால் நகர்ந்ததா என்றால், நகர்ந்துதான் வந்து சேர்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று உள்நாட்டுச் செம்மண்ணிலிருந்து வாரிவந்தது என்று ஒரு கருத்து. பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தபோது வெளியே தெரிந்த மன்னார் வளைகுடாத் தரையிலிருந்தும் மணல் வந்திருக்கும் என்று இன்னொரு கருத்து. இரண்டும் கலந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன, அதாவது வேட்டையாடி வாழ்ந்த மனிதர்கள் இந்த மணல்மேல் உட்கார்ந்து கல்லைச் சில்லு சில்லாகத் தட்டியிருக்கிறார்கள்.

வறண்ட இடம் என்று தேரியைச் சொல்வது சரியில்லை. மேலே உள்ள காய்ந்த மணலை ஒதுக்கிக் கையை விட்டுப் பாருங்கள், சீக்கிரமே குளிர்ச்சி தட்டும். மழைநீரை மணல் உடனே உள்ளே விட்டுவிடும், மேலடுக்கு காய்ந்துபோய் மூடி மாதிரி நின்று, உள் ஈரம் ஆவியாகாமல் காக்கும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனை தேரிக்கு நடுவில் இருப்பதும், இத்தனை பனை நிற்பதும், உடன்குடிக்குக் கருப்பட்டி கிடைப்பதும் அந்த ஈரத்தில்தான். ஈர மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்றால் கிளப்பவும் முடியாது.

அண்ணாச்சி, தேரி ஓரத்தில் எனக்கு நாலு ஏக்கர் கிடக்கிறது. உடைமரத்தை எல்லாம் ஜேசிபி வைத்து எடுத்துவிட்டுக் கொல்லாமரம் (முந்திரி) வைக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் யோசனை என்ன?
– மெஞ்ஞானபுரத்திலிருந்து ஒரு வாசகர்

கொல்லாமரம் வையுங்கள், தேரிக்கு நன்றாக வரும். ஆனால் தயவுசெய்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் வழிக்காதீர்கள். குடை விரித்த மாதிரி நிற்கும் அந்த உடைமரம் தென் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்குமே உரிய மரம், சீமைக்கருவேலத்தோடு சேர்த்து அதை எண்ணக்கூடாது. அதன் வேரும் அடியில் உதிர்ந்த முள்ளும் சருகும்தான் இப்போது உங்கள் நாலு ஏக்கரை உட்காரவைத்திருக்கின்றன. இயந்திரம் ஏறி மேலடுக்கைப் புரட்டிவிட்டால் அடுத்த ஆனி ஆடியில் உங்கள் மணல் கிழக்கே பக்கத்துக்காரர் தோட்டத்தில் இருக்கும், மேற்கிலிருந்து இன்னொருவர் மணல் உங்கள் கன்றுகளை மூடும்.

மேற்கு எல்லையில் ரெண்டு மூன்று வரிசை உடைமரத்தை அப்படியே விடுங்கள். நடுவிலும் தெற்கு வடக்காகப் பட்டை பட்டையாக விட்டு, இடைப்பட்ட இடத்தை மட்டும் கையால் வெட்டித் திருத்துங்கள். திருத்திய இடத்தில் பனமட்டை வேலி குறுக்கே போடுங்கள், முழங்கால் உயரம் போதும், ஆனால் நெருக்கிக் கட்டாதீர்கள், பாதிக்குப் பாதி இடைவெளி வேண்டும். அடைத்த சுவர் என்றால் காற்று சுழித்துக்கொண்டு அடியைத் தோண்டும், ஓட்டை உள்ள வேலி காற்றைத் தளர்த்தி மணலை மெல்ல இறக்கிவிடும். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் ராஜஸ்தான் மேடுகளில் இப்படித்தான் உள்ளூர்ப் புதர்களை வரிசையாக ஊன்றி, அந்த மறைவில் மரம் வளர்த்தது. சீனாவில் ஷாபோடோ என்ற இடத்தில் 1958இல் திறந்த ரயில் பாதையை மணல் மூடாமல் காத்ததும் வைக்கோல்தான், மீட்டருக்கு மீட்டர் கட்டம் கட்டமாகப் பாதி புதைத்து வைத்தார்கள்.

வேலையை ஆடி முடிந்து தொடங்குங்கள். புரட்டாசிக்குள் வேலி நிற்கட்டும், ஐப்பசி மழை விழுந்து மணல் நனைந்ததும் கன்று வையுங்கள். அடுத்த மேல்காற்றுக்கு முன் வேர் பிடிக்க ஆறேழு மாதம் கிடைக்கும். கன்றுக்குக் கன்று நடுவில் முதல் ரெண்டு வருடம் கொழிஞ்சிச் செடியை விதைத்து விட்டுவிடுங்கள், தரை வெறுமனே கிடக்காது. வேலியில் எந்தப் பக்கம் மணல் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று மாதாமாதம் ஒரு குச்சியில் கோடு போட்டுவாருங்கள், அடுத்த ஆவணியில் எனக்கு எழுதுங்கள்.